மௌனத்துக்கு ஓர் அறை

ஒரு நகரத்தில், விடிந்தது முதல் ஆள் நடமாட்டம் ஓயாத ஒரு தெருவில், இரைச்சலும் மௌனமும் அக்கம்பக்கமாக வாழ்ந்து வந்தன.

இரைச்சலுக்குப் பெரிய உடம்பு. தெருவின் ஒரு முனையில் பேருந்து நிலையம், மறுமுனையில் காய்கறிச் சந்தை. அதனால் அதற்குத் தீனிக்குக் குறைவே இல்லை. மௌனம் மெலிந்தது. அதற்கென்று சொந்தமாக இடம் கிடையாது. ஒரு பேருந்து போய் அடுத்தது வருவதற்குள், டீக்கடைக்காரர் ஒரு கிளாஸைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு அடுத்ததை எடுப்பதற்குள், கிடைக்கிற இடைவெளியில் உட்கார்ந்து எழுந்துகொள்ளும். இரைச்சல் அதை விரட்டியதில்லை. மௌனமும் இரைச்சலைக் குறை சொன்னதில்லை.

அந்தத் தெருவின் நடுவில் ஒரு தனியார் மருத்துவமனை இருந்தது. அதன் நிர்வாகி தேவசகாயம். நோயாளிகளின் சொந்தக்காரர்கள் நாள் முழுக்க நடைபாதையில் நிற்பதும், மாடிப்படியில் உட்கார்ந்து அழுவதும், நர்சுகளிடம் கோபித்துக்கொள்வதும் அவருக்குத் தினசரிக் காட்சி. மூன்றாவது மாடியில், தெருவைப் பார்த்தபடி, உடைந்த சக்கர நாற்காலிகளைப் போட்டு வைத்திருந்த ஒரு சின்ன அறை இருந்தது. அதைக் காலி செய்து, அவர்கள் கொஞ்ச நேரம் கண்மூடி உட்கார ஓர் இடமாக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது.

அந்த வேலைக்கு நித்திலா வந்தாள். நகரத்துக் கட்டடங்களுக்குள் சின்னச் சின்னத் தியான அறைகளை அமைத்துத் தருவதுதான் அவள் தொழில். அதுவரை அலுவலகங்களுக்கு மட்டும் செய்திருந்தாள். தனியாகத் தொழில் தொடங்கிய பிறகு வந்த முதல் ஆஸ்பத்திரி வேலை இது.

அவள் சத்தத்தை அளக்கும் ஒரு கருவியைக் கையில் பிடித்துக்கொண்டு அறையின் நான்கு மூலையிலும் நின்றாள். ஜன்னல் வழியாக இரைச்சல் தாராளமாக உள்ளே வந்துகொண்டிருந்தது. கருவியின் முள் நடுங்கியது.

"முதல்ல இதை நிறுத்தணும்" என்றாள் நித்திலா.

ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி போட்டாள். சுவர்களில் துணி சுற்றிய ஸ்பாஞ்ச் பலகைகளை ஒட்டினாள். கதவைச் சுற்றி ரப்பர் பட்டை வைத்தாள். தரையில் கம்பளம் விரித்து, வெற்றுச் சுவரைப் பார்த்தபடி உட்காரும் மெத்தைகளை வரிசையாக வைத்தாள். எல்லாம் முடிந்ததும் கதவின் மேல் ஒரு பலகை மாட்டினார்கள். அதில் 'மௌன அறை' என்று எழுதியிருந்தது.

தெருவிலிருந்து மௌனம் அதைப் பார்த்தது.

"என் பேர் போட்டிருக்காங்க" என்றது.

"பார்த்தேன்" என்றது இரைச்சல். "நல்ல விஷயம்தான். எனக்கு உள்ளே இடமில்லையாம். ரெண்டு கண்ணாடி போட்டிருக்காங்க."

"உனக்கு வருத்தமா?"

"எனக்கென்ன வருத்தம். தெரு மொத்தமும் கிடக்குது. நீ தனியா இருந்துடுவியா?"

"இருந்து பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டு மௌனம் குடிபோனது.

மௌனத்துக்கு அந்த அறை பிடித்திருந்தது. முதல்முறையாகக் காலை நீட்டிப் படுத்தது. அது உடம்பு பெருத்து அறை முழுவதும் பரவியது. இரட்டைக் கண்ணாடி பெருமையோடு சொன்னது: "என்னைத் தாண்டி ஒரு ஹாரன்கூட வராது. நீ நிம்மதியாக இரு."

"கதவு வழியாகவும் யாரும் வரமாட்டார்கள்" என்றது ரப்பர் பட்டை.

இரண்டும் சொன்ன சொல்லைக் காப்பாற்றின. ஆனால் கவலை கதவு வழியாகவும் வரவில்லை, ஜன்னல் வழியாகவும் வரவில்லை. அது மனிதர்களின் தோளில் உட்கார்ந்து வந்தது.

முதலில் வந்தவள் ஓர் இளம் தாய். அவளுடைய பெண் குழந்தைக்கு டெங்குக் காய்ச்சல். ஐ.சி.யூ.வில் வைத்திருந்தார்கள். அவள் மெத்தையில் உட்கார்ந்து கண்ணை மூடினாள். கதவு சாத்திக்கொண்டது. அவள் தோளிலிருந்து கவலை இறங்கி, அறையைச் சுற்றிப் பார்த்தது.

"அப்பாடா. ஆற அமரப் பேச ஓர் இடம் கிடைத்தது" என்றது.

வெளியே நடைபாதையில் கவலை கத்திக் கத்திப் பேச வேண்டியிருந்தது. டிராலிச் சக்கரம், லிஃப்ட் மணி, பக்கத்தில் இருப்பவரின் போன் என்று ஏதாவது ஒன்று குறுக்கே வரும். இங்கே குறுக்கே வர யாருமில்லை. கவலை குரலைத் தாழ்த்தியே பேசியது. ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது.

"வெளியே உன் பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்" என்றது. "உனக்குத்தான் கேட்கவில்லை."

அந்தத் தாய் எழுந்து ஓடினாள். வெளியே யாரும் கூப்பிட்டிருக்கவில்லை. ஆனாலும் அவள் பிறகு அந்த அறைப் பக்கம் வரவில்லை.

அவளுக்குப் பின்னால் வந்தவர்களும் அப்படித்தான். உட்காருவார்கள், முகம் இறுகும், எழுந்து போய்விடுவார்கள். மௌனம் செய்வதறியாமல் பார்த்துக்கொண்டிருந்தது. கவலையை எதிர்த்துப் பேச அதற்குத் தெரியாது. கேட்கத்தான் தெரியும். அது கேட்கக் கேட்கக் கவலைக்கு உற்சாகம் கூடியது.

யாரும் வருவதில்லை என்று தேவசகாயம் போனில் சொன்னார். நித்திலா வந்து பார்த்தாள். கருவியின் முள் லேசாக அசைவதைக் கண்டு, எங்கோ சத்தம் கசிகிறது என்று நினைத்தாள். ரப்பர் பட்டையை இரட்டையாக்கினாள். அறை இன்னும் அமைதியானது. கவலைக்கு இன்னும் வசதியானது.

அடுத்த முறை ஒரு ஸ்பீக்கர் வைத்தாள். அதில் ஓடைத் தண்ணீர் ஓடுகிற சத்தம் பதிவாகியிருந்தது.

"நீ எந்த ஊர் ஓடை?" என்று மௌனம் கேட்டது.

"எந்த ஊரும் இல்லை. யாரோ எங்கேயோ பதிவு செய்தார்கள்" என்றது ஓடைச் சத்தம். "கல்லில் மோதுவேன், வளைவேன், ஒரு பறவை கூவும், மறுபடியும் கல்லில் மோதுவேன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

கவலை ஒரே நாளில் அந்தத் தாளத்தைக் கற்றுக்கொண்டது. பறவை எப்போது கூவும் என்று தெரிந்து வைத்துக்கொண்டு, அது கூவி முடித்த இடத்தில் தன் பேச்சைத் தொடங்கியது. ஓடை அதற்குப் பின்பாட்டுப் பாடுவது போல ஆகிவிட்டது.

கடைசியில் தேவசகாயம் முடிவாகச் சொல்லிவிட்டார். "மருந்து வைக்க இடம் போதலைம்மா. அறையை ஸ்டோருக்குக் கொடுத்துடறேன். உங்க கண்ணாடி, பலகை எல்லாத்தையும் கழட்டி எடுத்துக்கோங்க. உங்க மேல குறை சொல்லல. நம்ம ஜனங்களுக்கு இது சரிப்பட்டு வரல, அவ்வளவுதான்."

நித்திலா சரி என்றாள். 

அந்த நாட்களில்தான் குணசீலன் தன் மனைவி திலகவதியை அங்கே சேர்த்தார்.

குணசீலன் மாநகரப் பேருந்தில் கண்டக்டர். அவருடைய பேருந்து அந்தத் தெரு வழியாகத்தான் போகும். இரைச்சலுக்கு அவரை நன்றாகத் தெரியும். அவருடைய விசில் அதற்கு இத்தனை வருஷமாகப் பழக்கம். பகல் முழுக்க டிக்கெட் டிக்கெட் என்றும், உள்ளே போங்க உள்ளே போங்க என்றும் கத்திவிட்டு, தொண்டை கட்டி வீட்டுக்குப் போவார். போனதும் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு உட்கார்ந்துவிடுவார். வாய் திறக்க மாட்டார். அந்த வீட்டில் பேசுவது திலகவதியின் வேலை. அவள் வீட்டிலேயே ரவிக்கை தைப்பவள். மிஷினை மிதித்துக்கொண்டே பேசுவாள், சமைத்துக்கொண்டே பேசுவாள். யார் வீட்டில் என்ன விசேஷம், எந்தத் துணி சாயம் போனது, எவள் அளவு ரவிக்கை தராமல் வந்து நின்றாள், எல்லாம் பேச்சில் வரும். அவர் கேட்டுக்கொண்டிருப்பார். இரண்டு பேருக்கும் அது ஒத்துப்போயிருந்தது.

ஒரு காலையில், தைத்துக்கொண்டிருந்தபோதே தலையைப் பிடித்துக்கொண்டு திலகவதி சாய்ந்துவிட்டாள்.

டாக்டர் ஹசீனா ஸ்கேன் படத்தைக் காட்டி விளக்கினார். "மூளைக்குப் போற ரத்தக் குழாய் ஒண்ணுல சின்னதா வீக்கம். அது கசிஞ்சிருக்கு. மறுபடியும் கசிஞ்சா உயிருக்கு உத்தரவாதம் சொல்ல முடியாது. ஆபரேஷன் பண்ணினா காப்பாத்திடலாம்னு நம்புறேன். ஆனா வீக்கம் இருக்கற இடம் பேச்சுக்கு ரொம்பப் பக்கம். பேச்சு போகலாம். திரும்பி வரலாம், வராமலும் போகலாம். அவங்க மயக்கத்துல இருக்காங்க. நீங்கதான் சொல்லணும். நாளைக் காலையில எனக்குப் பதில் வேணும்."

திலகவதியின் அண்ணன் ராஜமாணிக்கம் கூடவே நின்றார். டாக்டர் போனதும் குணசீலனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவசரப்படாதீங்க மாப்பிள்ளை. அவ எப்படிப் பேசறவன்னு உங்களுக்குத் தெரியாததா? வாய் பேசாம முடக்கிப் போட்டுட்டா, அது அவ இருக்கற மாதிரியா?"

"ஆபரேஷன் வேணாங்கறீங்களா மச்சான்?"

"வேணாங்கல. வேற இடத்துல காட்டுவோம்ங்கறேன். கொண்டுபோற வழியில ஏதாவது ஆயிடுமோன்னும் பயமா இருக்கு. எனக்கே ஒண்ணும் புரியல. நீங்கதான் யோசிச்சுச் சொல்லணும்."

யோசிக்க இடம் தேடி நடந்தபோது குணசீலன் அந்தப் பலகையைப் பார்த்தார். உள்ளே போய் உட்கார்ந்தார். நித்திலா அன்று என்னென்ன கழற்ற வேண்டும் என்று பார்க்க வந்து நடைபாதையில் நின்றிருந்தாள். அவர் உள்ளே போவதைக் கண்டு கதவருகே ஒதுங்கிக்கொண்டாள்.

கவலை அவருக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தது.

"வேண்டாம் என்று சொன்னால் நீதான் அவளைக் கொன்றவன்" என்றது. "சரி என்று சொன்னால் நீதான் அவள் வாயை அடைத்தவன். இரண்டில் எது வேண்டும்?"

அறை முழுவதும் அந்தக் குரலாக இருந்தது. மௌனம் ஒரு மூலைக்கு ஒதுங்கப் பார்த்தது. ஆனால் எல்லா மூலையிலும் ஏற்கெனவே மௌனமேதான் இருந்தது. ஓடை கல்லில் மோதி வளைந்தது. பறவை கூவியது. கவலை மறுபடியும் முதலிலிருந்து தொடங்கியது. குணசீலனுக்கு வியர்த்துவிட்டது. எழுந்து வேகமாக வெளியே வந்தார். நித்திலாவைப் பார்க்காமலேயே அவளைக் கடந்து போனார்.

மறுநாள் காலை நித்திலா தச்சரோடு வந்தாள். தச்சர் ஸ்பீக்கரைக் கழற்றினார். வெளிக் கண்ணாடியைக் கழற்றி நடைபாதையில் சாய்த்து வைத்தார். கதவின் ரப்பர் பட்டையை உரித்தார். உள்கண்ணாடியைத் தொடுவதற்கு முன், அதன் கொக்கியைத் தளர்த்தி, ஜன்னலை ஒரு சாண் அளவு திறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார். நித்திலா தேவசகாயத்தைப் பார்க்கக் கீழே போயிருந்தாள்.

டாக்டர் வரும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. ராஜமாணிக்கத்தின் போன் ஓயாமல் அடித்தது. ஊரிலிருந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டு ஒவ்வொரு யோசனை சொன்னார்கள். அவர் அதை அப்படியே குணசீலனிடம் சொன்னார். குணசீலனுக்கு நேற்று உட்கார முடியாமல் ஓடிவந்த அறை ஞாபகம் இருந்தது. ஆனாலும் வேறு போக்கிடம் இல்லை. கதவு திறந்திருந்ததைப் பார்த்து உள்ளே போனார். ஓரமாகப் போட்டிருந்த தச்சரின் ஸ்டூலில், ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தார்.

கவலை நேற்று விட்ட இடத்திலிருந்து தொடங்கியது. "வேண்டாம் என்று சொன்னால் நீதான்..."

கீழே ஒரு பேருந்து பிரேக் போட்டு நின்றது. இரைச்சல் ஜன்னலின் இடுக்கு வழியாக மெல்ல எட்டிப் பார்த்தது. இடுக்கு சின்னதாக இருந்ததால் அதன் உடம்பு முழுவதும் உள்ளே வர முடியவில்லை. ஒரு கையை மட்டும் உள்ளே நீட்டியது.

"சரி என்று சொன்னால்..." என்றது கவலை.

ஒரு விசில் கேட்டது. பேருந்து நகர்ந்தது. அது போய்த் தேய்ந்த இடத்தில் சின்னதாக ஓர் இடைவெளி விழுந்தது. மௌனம் அதில் உட்கார்ந்தது.

அந்த இடைவெளியில் குணசீலன் ஒரு மூச்சு விட்டார்.

கவலை மறுபடியும் வாயைத் திறந்தது. யாரோ சந்தையில் கூடையை இறக்கிப் போட்டார்கள். ஆட்டோ ஒன்று கிளம்பியது. டீக்கடையில் கிளாஸ்கள் ஒன்றோடொன்று உரசின. கவலையால் ஒரு வாக்கியத்தைக்கூட முழுதாக முடிக்க முடியவில்லை. அது கோபித்துக்கொண்டு இரைச்சலைப் பார்த்தது.

"நான் பேசிக்கொண்டிருக்கிறேன்" என்றது.

"பேசு. யார் வேண்டாம் என்றது?" என்றது இரைச்சல். "ஆனால் இங்கே முறை வைத்துத்தான் பேச வேண்டும். நான் கொஞ்சம், நீ கொஞ்சம், நடுவில் மௌனம் கொஞ்சம்."

கவலை தன் முறைக்குக் காத்திருந்து பழகியதில்லை. அது தடுமாறியது. தடுமாறிய நேரத்தில் மௌனத்துக்கு இன்னும் கொஞ்சம் இடம் கிடைத்தது.

அங்கே குணசீலனுக்குத் தன்னுடைய யோசனை என்று ஒன்று முதல்முறையாக வந்தது. திலகவதி பேசுவது அவருக்குக் கேட்டது போலிருந்தது. அவள் என்ன பேசினாள் என்பதில்லை. அவள் பேசிக்கொண்டே அவருக்குத் தட்டை எடுத்து வைப்பதும், பேசிக்கொண்டே அவர் சட்டைப் பொத்தானைப் பிடித்துத் தைப்பதும் கண்ணில் வந்தன. இத்தனை வருஷமும் இரண்டு பேருக்குமான பேச்சை அவள் ஒருத்தியே பேசியிருக்கிறாள். அவர் பங்கு அப்படியே பேசாமல் மிச்சம் கிடக்கிறது.

அவர் எழுந்தார். கதவருகே நித்திலா நின்றிருந்தாள். கீழேயிருந்து வந்தவள், அவர் உட்கார்ந்திருப்பதைக் கண்டு, தச்சரையும் உள்ளே விடாமல் வெளியே நிறுத்தி வைத்திருந்தாள்.

"தப்பா நினைச்சுக்காதம்மா. வேலை நடக்கற இடத்துல உக்காந்துட்டேன்" என்றார் குணசீலன்.

"பரவாயில்லைங்க. நேத்தும் நீங்கதானே வந்தீங்க? உடனே எழுந்து போயிட்டீங்களே."

"ஆமாம்மா. நேத்து உக்கார முடியல. ஏன்னு சொல்லத் தெரியல." அவருக்கு நின்று பேச நேரமில்லை. நடந்துவிட்டார்.

டாக்டர் ஹசீனா தன் அறையிலிருந்து வெளியே வந்தபோது குணசீலன் எதிரில் போய் நின்றார்.

"ஆபரேஷன் பண்ணுங்க டாக்டர்" என்றார். "அவ இருந்தா போதும். பேச்சை நான் பார்த்துக்கறேன்."

 ராஜமாணிக்கம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

இங்கே நித்திலா தச்சரை இன்னும் கொஞ்ச நேரம் கழித்து வரச் சொல்லிவிட்டு அந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். அப்போதுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது. அவள் இந்த அறைக்கு எத்தனையோ தடவை வந்திருக்கிறாள். அளந்திருக்கிறாள், நின்றிருக்கிறாள், ஆட்களுக்கு வேலை சொல்லியிருக்கிறாள். தனியாக உட்கார்ந்ததே இல்லை.

ஜன்னலை இழுத்துச் சாத்தினாள். கதவையும் மூடினாள்.

அவள் தோளிலிருந்தும் ஒரு கவலை இறங்கியது. "முதல் ஆஸ்பத்திரி வேலையே போய்விட்டது" என்றது. "உள்ளே உட்கார்ந்து பார்க்காமலேயே ஊராருக்கு அறை கட்டுகிறவளை இனி யார் கூப்பிடப்போகிறார்கள்?"

அந்தக் குரல் அவ்வளவு தெளிவாக இருந்ததில் நித்திலா திடுக்கிட்டாள். கையை நீட்டி ஜன்னலை ஒரு சாண் திறந்தாள். குரல் உடைந்து உடைந்து வந்தது. முழுக்கத் திறந்தாள். இரைச்சல் மொத்தமாக உள்ளே விழுந்தது. அப்போது கவலையின் குரலும் கேட்கவில்லை, எதுவுமே கேட்கவில்லை. மறுபடியும் ஒரு சாணுக்குக் கொண்டு வந்தாள். அப்படியே கண்ணை மூடிக்கொண்டு இருந்தாள்.

ஜன்னலோரம் இரைச்சல் மௌனத்திடம் கேட்டது: "உனக்குத் தொந்தரவாக இருக்கிறதா?"

"இல்லை" என்றது மௌனம். "இப்போதுதான் உட்கார முடிகிறது."

"இவ்வளவு நாள் அறை முழுக்க நீதானே இருந்தாய்?"

"அதுதான் கஷ்டம். அறை முழுக்க நானாக இருந்தபோது கவலை என்னையே பாயாக விரித்துப் படுத்துக்கொண்டது."

நித்திலா மறுபடியும் தேவசகாயத்திடம் போனாள். அவர் சிரிக்காமல் கேட்டார்.

"சத்தம் வரக் கூடாதுன்னுதானேம்மா உங்ககிட்ட கொடுத்தோம்? இப்ப சத்தம் வரணும்ங்கறீங்க."

"கிட்ட வரக் கூடாது சார். எட்ட இருக்கணும். அதைச் சுத்தமா அடைச்சுட்டா மனுஷனுக்குள்ள இருக்கற சத்தம் பெருசாயிடுது. வர்றவங்க யாரும் நிம்மதியா வரலையே. பயந்துபோய்த்தானே வர்றாங்க."

"யாருமே வரலைன்னா?"

"அப்புறம் ஸ்டோர் வச்சுக்கோங்க. ஒரு தடவை நீங்களே வந்து உக்காந்து பாருங்க சார்."

தேவசகாயம் வந்து உட்கார்ந்தார். உட்கார்ந்த உடனே அவருடைய போன் அடித்தது. எழுந்துவிட்டார். போகும்போது, "ஒரு மாசம் பார்ப்போம்" என்று மட்டும் சொன்னார். அன்று மாலை யாரிடமும் சொல்லாமல் அவர் தனியாக அந்த அறைக்குத் திரும்பி வந்தார். எவ்வளவு நேரம் இருந்தார் என்று யாருக்கும் தெரியாது. அவர் தோளில் இருந்தது என்ன பேசியது என்று அவரும் சொல்லவில்லை.

நித்திலா வெளிக் கண்ணாடியைத் திரும்பப் போடவில்லை. உள்கண்ணாடி ஒரு சாணுக்கு மேல் திறக்காதபடி ஒரு மரக்கட்டை வைத்தாள். ஹாரனின் கூர்மையை மழுக்க அந்த இடுக்குக்குத் தடித்த கதர்த்துணி ஒன்றைத் தொங்கவிட்டாள். தரை மெத்தைகளை எடுத்துவிட்டுச் சாய்ந்து உட்காரும் பெஞ்சுகளைப் போட்டாள். அவற்றை வெற்றுச் சுவரைப் பார்த்து வைக்காமல் ஜன்னலைப் பார்த்து வைத்தாள். கதவில் கண்ணாடிப் பட்டை ஒன்று பதித்தாள். உள்ளே இருப்பவர் தலையைத் திருப்பினால் நர்சுகள் நிற்கும் இடம் தெரியும். ரப்பர் போன கதவின் அடியில் இடுக்கு இருந்தது. பேர் சொல்லிக் கூப்பிட்டால் அந்த வழியாகக் கேட்கும்.

கழற்றிய வெளிக் கண்ணாடிக்குத்தான் மனத்தாங்கல். நடைபாதையில் சாய்ந்து நின்றபடி, "நான் என் வேலையை ஒழுங்காகத்தானே செய்தேன்" என்றது.

"செய்தாய்" என்றது கதர்த்துணி. "எங்கே செய்தாய் என்பதுதான் விஷயம்." நித்திலா அந்தக் கண்ணாடியைப் பிறகு ஓர் அச்சகத்தின் மேலாளர் அறைக்குக் கொண்டுபோனாள். அங்கே அது எல்லோருக்கும் உபயோகமாக இருந்தது.

ஆட்கள் வரத் தொடங்கினார்கள். கவலையும் அவர்களோடு வந்தது. அது வராமலில்லை. ஆனால் தன் முறை வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. காத்திருந்த இடைவெளியில் சிலர் அழுதார்கள். சிலர் ஒரு முடிவுக்கு வந்தார்கள். சிலர் தூங்கிப்போனார்கள். மாதம் முடிந்தபோது தேவசகாயம் மருந்து ஸ்டோரைக் கீழ்த்தளத்துக்குக் கொண்டுபோய்விட்டார்.

திலகவதிக்கு ஆபரேஷன் நடந்தது. உயிர் தங்கியது. பேச்சு போய்விட்டது. கவலை சொன்னதில் பாதி பலித்தது.

கண்ணைத் திறந்து, வாயைத் திறந்து, ஒன்றும் வராமல் திலகவதி கணவனைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் புரிந்தது. சொல்லத்தான் வரவில்லை. கண்ணோரம் நீர் வழிந்தது. குணசீலன் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இன்னைக்கு..." என்றார். பிறகு என்ன சொல்வது என்று தெரியவில்லை. "இன்னைக்குக் கூட்டம்" என்றார். அதோடு நின்றுவிட்டார்.

வீட்டுக்கு வந்த பிறகும் முதலில் அப்படித்தான் இருந்தது. பேருந்தில் அவ்வளவு கத்துகிற மனிதருக்கு வீட்டில் நாலு வார்த்தை கோத்துச் சொல்ல வரவில்லை. கவலை அவர் பக்கத்திலேயே குந்திக்கொண்டு, "பார்த்துக்கொள்கிறேன் என்றாயே" என்றது. அவர் விடவில்லை. பேருந்தில் நடப்பதையெல்லாம் சொல்லிப் பார்த்தார். மடியில் வாத்துக் குஞ்சுகளை மறைத்துக் கொண்டுவந்த அம்மாளைப் பற்றிச் சொன்னார். தூங்கிப்போய் இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டிவிட்டு, அதே பேருந்தில் திரும்பி வரும்போது மறுபடியும் தூங்கிப்போன மனிதரைப் பற்றிச் சொன்னார். திலகவதியின் உதடு ஒரு பக்கமாகக் கோணிச் சிரித்தது. அதைப் பார்த்ததும் அவருக்குப் பேச்சு திறந்துகொண்டது. பிறகு அவரை நிறுத்த முடியவில்லை. அவளிடம் ரவிக்கை தைக்கக் கொடுத்தவர்களை எல்லாம் தேடிப்போய்ப் பார்த்து, அந்தந்த வீட்டுச் செய்தியையும் கொண்டுவந்து சேர்த்தார்.

பயிற்சி கொடுக்கும் பெண் ஒருத்தி வாரந்தோறும் வந்தாள். திலகவதிக்குத் தண்ணி என்று வந்தது. வேணாம் என்று வந்தது. ஒற்றைச் சொல்லாக வந்ததே தவிர, சொல்லோடு சொல் சேரவில்லை.

பல மாதங்கள் கழித்து அவளை டாக்டரிடம் காட்ட அழைத்து வந்தார். டாக்டர் ஹசீனா ஆபரேஷன் தியேட்டரில் இருந்தார். காத்திருக்கச் சொன்னார்கள். குணசீலன் மனைவியைக் கைத்தாங்கலாக அந்த அறைக்குக் கூட்டிப்போய் ஜன்னலைப் பார்த்த பெஞ்சில் உட்காரவைத்தார். மூலையில் ஒரு பெரியவர் கண்மூடி உட்கார்ந்திருந்தார். நித்திலா அன்று கதர்த்துணியை மாற்றுவதற்காக வந்திருந்தாள்.

குணசீலன் பேசிக்கொண்டிருந்தார். கீழே போகிற பேருந்தைக் காட்டி, அதன் டிரைவருக்குச் சம்பந்தி வீட்டோடு வந்த சண்டையைச் சொன்னார். சந்தையில் விலை போகிற கத்தரிக்காயைச் சொன்னார். டாக்டர் என்ன கேட்பார், இவர் என்ன சொல்லப்போகிறார் என்பதைச் சொன்னார். இரைச்சல்கூடத் தன் முறைக்குக் காத்திருந்தது. மூலையிலிருந்த பெரியவர் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடியும் மூடிக்கொண்டார். கொஞ்சம் மெதுவாகப் பேசச் சொல்லலாம் என்று நித்திலா ஓரடி எடுத்து வைத்தாள்.

திலகவதி கணவனின் கையைத் தட்டினாள். அவர் கவனிக்கவில்லை. மறுபடியும் தட்டினாள். அவர் திரும்பினார். அவள் உதடுகள் வெகுநேரம் முயன்றன.

"கொஞ்சம்" என்றாள். மூச்சு வாங்கியது. "கொஞ்ச நேரம்... சும்மா... இருங்களேன்."

நித்திலா நின்ற இடத்திலேயே நின்றுவிட்டாள்.

குணசீலன் வாயை மூடிக்கொண்டார். அவ்வளவு சந்தோஷமாக அவர் அதற்கு முன் வாயை மூடியதே இல்லை.